முதல் நாள் கூட்டம்: ஒரு கற்பனை உலகம் திறக்கும் இரவு

2004 நவம்பர் 22, திங்கட்கிழமை இரவு. கலிஃபோர்னியாவில் ஃபவுண்டன் வேலி என்ற ஊர். அங்கே இருந்த ஃப்ரைஸ் எலக்ட்ரானிக்ஸ் கடை வாசலில் நீண்ட வரிசை. நள்ளிரவு தாண்டி 23-ம் தேதி பிறந்ததும் ஒரு கம்ப்யூட்டர் கேம் விற்பனைக்கு வரப்போகிறது. அதை உருவாக்கியவர்களே வந்து பெட்டிகளில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். விளையாட்டின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். கம்பெனி ப்ளிசார்ட், அதிக தூரமில்லாத அர்வைன் நகரத்தில் இருந்தது. அவர்கள் போட்ட கணக்கெல்லாம் தப்பி, ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்துவிட்டது.

முதல் நாள் முதல் ஷோவுக்கு நிற்பது நமக்கொன்றும் புதுசில்லை. ஆனால் சினிமா ரசிகர் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். இவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், இன்ஸ்டால் செய்து, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நுழையப் போகிறவர்கள். கடை வாசலில் நின்ற வரிசை கலைந்து, அடுத்த ஒரு மணி நேரத்தில் சர்வர் வாசலில் மறுபடியும் நிற்கும்.

வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து மூன்றிலும் சேர்த்து முதல் 24 மணி நேரத்தில் 2,40,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாக ப்ளிசார்ட் அறிவித்தது. முதல் நாளே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டன. ஒரே சமயத்தில் 1 லட்சம் பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். லாகின் வரிசை நீண்டது, சர்வர்கள் திணறின. செத்த மிருகத்திடமிருந்து பொருளை எடுக்கக் குனிந்த பாத்திரம் குனிந்தபடியே நின்றுவிடும் கோளாறு அந்த நாட்களில் ரொம்பப் பிரசித்தம்.

இப்படி ஒவ்வொரு திறப்பு விழாவிலும் ஒரே கேள்விதான் கிளம்பும். "காசு வாங்கினீங்க இல்ல, இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட வேண்டியதுதானே?"

நானும் சர்வர் பக்கம் வேலை செய்கிறவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருந்தேன். பதில் விசித்திரமானது. அந்த ராத்திரி அவசரமாகத் திறக்கிற புது சர்வர், சில மாசம் கழித்து ஒரு காலி ஊராக மாறும் ஆபத்து ரொம்ப அதிகம். அதனால் பல சமயம் ஆட்களைக் காக்க வைப்பதுதான் அந்த உலகத்துக்கு நல்லது. எப்படி என்று பார்ப்போம்.

முதல் இரவில் அப்படி என்ன இருக்கு?

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இந்த வகை விளையாட்டை எம்எம்ஓஆர்பிஜி என்பார்கள். மனிதன், குள்ளன், ஓர்க் என்று ஏதோ ஒரு பாத்திரத்தை நீங்கள் உருவாக்கிக்கொள்ள வேண்டும். காடு, மலை, நகரம், டிராகன் எல்லாம் கொண்ட ஓர் உலகம் கம்பெனியின் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கும்போதும் அங்கே சந்தை நடக்கும், சண்டை நடக்கும். எதிரே வருகிற வீரர் வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர். எல்லோரும் லெவல் 1-ல் ஆரம்பித்து மெல்ல மேலே ஏற வேண்டும். வார்கிராஃப்ட் வந்தபோது உச்சம் லெவல் 60, மாதச் சந்தா சுமார் 15 டாலர்.

சரி, நாளைக்கும் அதே உலகம் அங்கேதானே இருக்கும்? இன்றைக்கே முட்டிமோத வேண்டிய அவசரம் என்ன?

முதல் நாள் மட்டும் அங்கே பணக்காரன் கிடையாது. எல்லோர் கையிலும் ஒரே துருப்பிடித்த கத்தி. வழி தெரிந்தவன் கிடையாது, அதனால் எல்லோரும் எல்லோரிடமும் வழி கேட்பார்கள். ஒரு சர்வரில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான் என்பதால் நல்ல பெயரெல்லாம் அன்றைக்குத்தான் கிடைக்கும். மூணு மாசம் கழித்து வருகிறவன், ஏற்கனவே குடியேறிவிட்ட ஊருக்குப் புதிதாக வரும் வாடகைக்காரன் மாதிரிதான் இருப்பான். சங்கங்கள் உருவாகியிருக்கும், சந்தையில் விலைகள் நிலைத்திருக்கும், கூட்டாளிகள் எல்லாம் வெகுதூரம் முன்னே போயிருப்பார்கள்.

அப்படிப் பார்த்தால் திறப்பு இரவில் கம்பெனி விற்கும் பொருள் வெறும் சாஃப்ட்வேர் இல்லை. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து, ஒன்றாகத் தொடங்குவதைத்தான் விற்கிறது. அதற்குக் கூட்டம் வேண்டும். சர்வரைக் கவிழ்ப்பதும் அதே கூட்டம்தான்.

ராஜா செத்த கதை

வார்கிராஃப்டுக்கு ஏழு வருடம் முன்னால், 1997-ல் போய்ப் பார்ப்போம். டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரத்தில் இருந்த ஆரிஜின் சிஸ்டம்ஸ் அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டைத் தயார் செய்துகொண்டிருந்தது. இதை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட்டே விளையாட்டுக்குள் "லார்ட் பிரிட்டிஷ்" என்ற ராஜா. சோதனைப் பதிப்பில் சேர விரும்புகிறவர்கள் சிடிக்காக 5 டாலர் அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். சுமார் 50,000 பேர் முன்வந்தார்கள் என்று கேரியட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். காசு கொடுத்துச் சோதனை எலியாக இருக்க இவ்வளவு பேர் வருவார்கள் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை.

அந்த ஆகஸ்டில், சோதனையின் கடைசிக் கட்டமாக, சர்வர் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே வரச் சொன்னார்கள். கூட்டம் சேர்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே? ராஜா நேரில் வந்து மக்களிடம் பேசுவார் என்றார்கள். நடுவில் சர்வர் ஒரு முறை விழுந்து எழுந்தது. ராஜா மறுபடி லாகின் செய்தார். யாராலும் கொல்ல முடியாதபடி ராஜாவுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது, ஆனால் மறுபடி நுழைந்தபோது அதை ஆன் செய்யவில்லை. கூட்டத்திலிருந்த ஓர் ஆட்டக்காரர் சும்மா நெருப்பு மந்திரத்தை வீசிப் பார்த்தார். ராஜா செத்து விழுந்தார். அடுத்த நிமிஷம் களேபரம். சக தலைவர் ஸ்டார் லாங் நடித்த பாத்திரம் பேய்களை வரவழைத்து, கூடியிருந்த அப்பாவிகளையும் சேர்த்துக் கொன்று தீர்த்தது.

இதை எல்லோரும் சிரிப்புக்காகச் சொல்வார்கள். நம்ம தொழில்காரர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. பாதுகாப்பு என்பது ஒவ்வொரு தடவையும் கையால் ஆன் செய்ய வேண்டிய ஒன்றாக இருந்தால், எல்லாம் நெருக்கடியில் இருக்கும் அந்த ஒரு நாளில்தான் அது விட்டுப்போகும். கூட்டம் வரும்போதுதான் சர்வர் விழும், சர்வர் விழும்போதுதான் இந்த மாதிரி நிலைகள் அழியும்.

கூட்டம் இன்னொன்றையும் தின்றது. அல்டிமாவில் ஒரு செயற்கை இயற்கையை அமைத்திருந்தார்கள். முயல் புல்லைத் தின்னும், ஓநாய் முயலைத் தின்னும், இரை குறைந்தால் டிராகன் ஊர்ப்பக்கம் வரும் என்கிற மாதிரி ஒரு சங்கிலி. நிஜ ஆட்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். முயல் பிறக்கிற வேகத்தைவிட வெட்டுகிற வேகம் அதிகம். சங்கிலியே அறுந்துபோய், கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

உடைந்த ரத்தினம்

1997 செப்டம்பர் 24-ம் தேதி அல்டிமா ஆன்லைன் வெளிவந்தது. எல்லோரையும் ஒரே சர்வரில் அடைக்க முடியாது என்று தெரிந்திருந்ததால், ஒரே உலகத்தின் பல நகல்களைத் தனித்தனி சர்வர்களில் ஓட விட்டார்கள். இதற்கு ஒரு கதையும் சொன்னார்கள். முந்தைய அல்டிமா விளையாட்டில் மொண்டெய்ன் என்ற தீய மந்திரவாதியின் ரத்தினம் உடைக்கப்படும். அது சுக்குநூறாகச் சிதறியபோது ஒவ்வொரு சில்லிலும் உலகத்தின் ஒரு நகல் மாட்டிக்கொண்டது, நீங்கள் வாழ்வது அதில் ஒரு சில்லில், என்று கதை. சில்லுக்கு ஆங்கிலத்தில் "ஷார்ட்".

டேட்டாபேஸ் வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். பெரிய டேட்டாபேஸைத் துண்டு போட்டுப் பல மெஷின்களில் வைப்பதை இன்றைக்கு நாம் "ஷார்டிங்" என்கிறோம். அந்தச் சொல் இந்த விளையாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று அல்டிமாவின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ராஃப் காஸ்டர் எழுதியிருக்கிறார்.

சரி, அப்படியென்றால் ஆள் கூடக் கூட சில்லுகளையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? அதற்கு முன்னால் ஒரு சில்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு சர்வரில் 3,000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அவர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருப்பார்கள். 100 இடங்கள், இடத்துக்கு 30 பேர். ஒருவர் ஓரடி நகர்ந்தால், அதை அதே இடத்தில் இருக்கும் மற்ற 29 பேரின் திரைக்கும் சர்வர் தெரிவிக்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு ஓரிடத்தில் 30 × 29 = 870 செய்திகள். 100 இடங்களுக்கும் சேர்த்து 87,000.

இப்போது திறப்பு இரவு. எல்லோரும் லெவல் 1. எல்லோரும் தொடக்க கிராமங்களில்தான் நிற்பார்கள். 2004-ல் வார்கிராஃப்டில் 8 இனங்கள், அவற்றுக்கு 6 தொடக்க இடங்கள். அதே 3,000 பேரை 6-ஆல் வகுத்தால் இடத்துக்கு 500 பேர். 500 × 499 = 2,49,500 செய்திகள். 6 இடங்களுக்கும் சேர்த்து 14,97,000.

அதே ஆட்கள், அதே சர்வர், ஆனால் வேலை 17 மடங்கு. ஆள் எண்ணிக்கை கூடவில்லை, ஒரே இடத்தில் நின்றதுதான் வித்தியாசம். நிஜத்தில் பக்கத்தில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்லு, தூரத்தில் இருப்பவனைப் பற்றி எப்போதாவது சொல்லு என்று சர்வருக்குச் சொல்லித்தந்து இதைக் குறைப்பார்கள். ஆனால் அடிப்படைக் குணம் மாறாது. கூட்டம் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு இதற்கு வேடிக்கையான வழி ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஓரிடத்தில் மோதினால் அந்த இடத்தில் மட்டும் காலத்தையே மெதுவாக்கிவிடும். பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும் போகும். சர்வர் திணறாமல் தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆனால் திறப்பு விழாவுக்கு வந்த புது ஆளிடம் "உங்க ஒரு மணி நேரம் இங்கே பத்து மணி நேரம்" என்று சொன்னால் ஓடிவிடுவார்.

தத்கால் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது இன்னும் புரியும். காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நிமிஷத்தில் மோதுவார்கள். ஆனால் கோவை டிக்கெட் எடுக்கிறவருக்கு மதுரை டிக்கெட் எடுக்கிறவரைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அதனால் மெஷின்களைக் கூட்டி வேலையைப் பிரித்துக்கொடுத்துவிடலாம். கற்பனை உலகத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதுதான் பண்டமே. பிரித்தால் பண்டம் குறையும்.

வரிசை ஏன் நகர மாட்டேங்குது?

இதிலும் ஒரு கணக்கு உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு எளிய விதி, வரிசைகளைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை = வரும் வேகம் × ஒருவர் சராசரியாகத் தங்கும் நேரம். உலகம் நிரம்பிவிட்டால் ஒருவர் வெளியே போனால்தான் ஒருவர் உள்ளே வர முடியும், இல்லையா? 3,000 பேர் இருக்கும் உலகத்தில் சராசரியாக 3 மணி நேரம் ஆடுகிறார்கள் என்றால் மணிக்கு 1,000 பேர் வெளியேறுவார்கள். வெளியே 5,000 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 5 மணி நேரம்.

ஆனால் திறப்பு இரவில் யார் 3 மணி நேரத்தில் எழுந்திருக்கப் போகிறார்கள்? 6 மணி நேரம் என்று வைத்தால் கடைசி ஆளுக்கு 10 மணி நேரம். அதோடு இன்னொரு சிக்கல். வெளியே போனால் மறுபடி வரிசையில் நிற்கணுமே என்ற பயத்தில், சாப்பிடப் போகிறவரும் லாக்-அவுட் செய்யாமல் பாத்திரத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போவார். வரிசை நீள நீள, உள்ளே இருப்பவர்கள் வெளியேற மறுப்பார்கள். அதனால் வரிசை இன்னும் நீளும். கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பவரைத் தானாக வெளியேற்றும் விதி இதற்காகத்தான் இருக்கு. அது கொடுமையாகத் தெரியலாம், ஆனால் வெளியே நிற்பவருக்கு அதுதான் நியாயம்.

காலி ஊர்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். புது சர்வர்களைத் திறந்துகொண்டே போனால் என்ன ஆகும்?

அமேசானின் நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பர் 28-ம் தேதி வெளியானது. ஒரு சர்வருக்குச் சுமார் 2,000 பேர் என்ற அளவு. முதல் நாளே ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அடுத்த சில நாட்களில் உச்சம் 9,13,000-ஐத் தாண்டியது. ஆயிரக்கணக்கில் வரிசை. கம்பெனி புது சர்வர்களை வரிசையாகத் திறந்தது. கேட்டவர்களுக்கு வேண்டியதைத்தான் செய்தார்கள்.

சில மாதங்கள் போயின. எந்த விளையாட்டிலும் நடப்பதுபோல் புதுமோகம் வடிந்தது. 2022 மார்ச் மாத வாக்கில், ஒரே நேரத்தில் ஆடுகிறவர்கள் அந்த உச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஆட்கள் சிதறியிருந்தது ஏகப்பட்ட சர்வர்களில். அந்த விளையாட்டில் நகரங்களை ஆட்டக்காரர்களே நடத்த வேண்டும். வரி கட்டுவதும், பட்டறைகளை மேம்படுத்துவதும், 50 பேருக்கு 50 பேர் போரிட்டு நகரத்தைப் பிடிப்பதும் அவர்கள்தான். நூறு பேர் இல்லையென்றால் போரே இல்லை. சந்தையில் இரும்பு விற்க ஆள் இல்லையென்றால் கத்தி செய்ய வழியில்லை. சந்தை செத்தால் மிச்சம் இருப்பவரும் கிளம்பிவிடுவார். கடைசியில் சர்வர்களை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று.

இணைப்பதும் லேசுப்பட்ட வேலை கிடையாது. இரண்டு ஊரிலும் ஒரே நகரத்தை வெவ்வேறு சங்கங்கள் பிடித்து வைத்திருக்கும், எதற்கு உரிமை? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யார் விட்டுக்கொடுப்பது? இரண்டு ஊர் சந்தையிலும் விலை வேறு. கல்யாண வீட்டில் பந்தி நிரம்பி வழிகிறதே என்று பத்துத் தெருவில் பத்துப் பந்தல் போட்டுவிட்டு, ராத்திரி பந்தலுக்கு நாலு பேராக உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

முன்கூட்டியே சரியாகக் கணிக்க முடியாதா என்றால், அதுவும் கஷ்டம். 2016-ல் போக்கிமான் கோ வந்தபோது, எதிர்பார்த்த அளவை 1 என்று வைத்தால் மோசமான நிலைக்கு 5 மடங்கு வரை திட்டமிட்டிருந்தார்கள். வந்தது 50 மடங்கு. அதை ஓட்டிய கூகுள் கிளவுட் குழுவே இந்தக் கணக்கை வெளியிட்டது. மெஷின்களை வாடகைக்குக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்ததால் சமாளித்தார்கள். மெஷினைக் கூட்டலாம், குறைக்கலாம். ஊரைக் கூட்டிவிட்டுக் குறைப்பதுதான் வலிக்கும்.

அடுக்கு வைத்த உலகம்

இந்த இடத்தில் ப்ளிசார்ட் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். 2004-ல் இருந்த அதே பழைய விளையாட்டை "வார்கிராஃப்ட் கிளாசிக்" என்று 2019-ல் மறுபடி திறந்தார்கள். ஒரே நொடியில் உலகம் முழுக்கத் திறப்பு. கலிஃபோர்னியாவில் ஆகஸ்ட் 26 மதியம் 3 மணி, நமக்கு 27-ம் தேதி விடியற்காலை 3:30. இரண்டு வாரம் முன்பே மூன்று பெயர்கள் வரை பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பெயருக்கான அடிதடியைத் திறப்பு இரவிலிருந்து எடுத்து வேறொரு நாளுக்குத் தள்ளிவிட்டார்கள். நெரிசலைப் பிரிக்க இது ரொம்ப சிக்கனமான வழி.

பெரிய வேலை அடுக்குகள். ஒரு சர்வருக்குள்ளேயே உலகத்தின் பல நகல்களை அடுக்கடுக்காக ஓட விட்டார்கள். உள்ளே வருகிறவரை ஏதோ ஒரு அடுக்கில் போடும். ஆனால் பெயர், சங்கம், ஏலச் சந்தை, அரட்டை எல்லாம் ஊருக்கே பொது. நண்பர் வேறு அடுக்கில் இருந்தால் குழுவில் சேர்ந்ததும் அவர் அடுக்குக்கு வந்துவிடலாம். கூட்டம் வடியும்போது அடுக்குகளைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒன்றாக்கிவிடலாம். ஊர் ஒன்றுதான், தற்காலிகமாக மாடி கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் இரண்டாம் கட்டத்துக்குள் எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஏன்னா, அந்தக் கட்டத்தில் ஊருக்கு ஒன்றாக இருக்க வேண்டிய பெரிய அரக்கர்கள் வருவார்கள். அடுக்குக்கு ஒரு அரக்கன் இருந்தால் கதை கெட்டுவிடும்.

குறையே இல்லாமல் இல்லை. சிலர் அடுக்கு விட்டு அடுக்கு தாவி ஒரே மூலிகையைப் பல தடவை பறித்தார்கள். எதிரியோடு சண்டை போடும்போது அவன் சட்டென்று வேறு அடுக்குக்கு மறைந்துபோவதும் நடந்தது. ஆனால் காலி ஊர்களை விட இது தேவலை.

அன்றைக்கு விடியற்காலை அலாரம் வைத்து நானும் ஐரோப்பிய சர்வர் ஒன்றில் நுழைந்தேன். மனிதர்களின் தொடக்கப் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கொள்ளைத் தலைவன் இருப்பான். அவனைக் கொல்வது ஒரு பணி. கொன்றால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி வருவான். முதலில் அடித்தவருக்கே அவன் சொந்தம் என்பது விளையாட்டின் விதி. அடித்துப் பிடித்துக்கொள்ளும் கூட்டத்தை எதிர்பார்த்துப் போனால், அங்கே வரிசை! மந்திரவாதிகளும் வீரர்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுகொண்டு, வருகிறவரிடம் "கடைசி அங்கே" என்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள். உலகின் பல சர்வர்களிலிருந்தும் இப்படிப்பட்ட வரிசைகளின் படங்கள் அந்த வாரம் முழுக்கப் பரவின.

வரிசையில் நிற்கச் சொல்லி விளையாட்டில் ஒரு வரி கோட் கூடக் கிடையாது. யோசித்துப் பார்த்தால் காரணம் இருக்கு. எல்லோரும் லெவல் 1, எல்லோரும் அடுத்த சில வாரங்கள் இதே ஊரில்தான் இருக்கப் போகிறார்கள். இன்று முந்தினால் நாளை கூட்டாளி கிடைக்க மாட்டான். அதோடு ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் ஒரு சாவு ஐந்து பேருக்கும் கணக்காகும், அதனால் முன்பின் தெரியாதவர்கள் வரிசையிலேயே குழு சேர்ந்தார்கள். பதிமூன்று ஊருக்கும் புது சர்வர் திறந்து, ஆளுக்கொரு கொள்ளைத் தலைவனைக் கொடுத்திருந்தால் இந்த வரிசை உருவாகியிருக்காது.

தன் கடையைத் தானே மூடியவர்

கடைசியாக ஒரு உதாரணம். ஃபைனல் ஃபேண்டஸி 14 முதலில் 2010-ல் வந்து படுதோல்வி அடைந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் அதை 2012 நவம்பரில் மூடி, நாவோகி யோஷிதா தலைமையில் புதிதாகக் கட்டி 2013 ஆகஸ்டில் மறுபடி திறந்தது. அப்போதே கூட்டம் தாங்காமல் டிஜிட்டல் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள்.

2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற அடுத்த பாகம் வந்தது. மறுபடி நெரிசல். இந்தத் தடவை வேறு வழியும் இல்லை, உலகம் முழுக்க செமிகண்டக்டர் தட்டுப்பாடு, புது மெஷின் வாங்க முடியவில்லை. யோஷிதா நீண்ட விளக்கங்களை எழுதினார். ஒரு டேட்டா சென்டரின் வரிசையில் 17,000 பேரைத் தாண்டினால் அதற்கு மேல் வருகிறவரை லாகின் சர்வர் திருப்பி அனுப்பிவிடும், நீங்கள் பார்க்கும் 2002 என்ற எர்ரர் அதுதான் என்று எண்ணோடு சொன்னார். சந்தா கட்டியவர்களுக்கு முதலில் 7 நாள், பிறகு மேலும் 14 நாள் இலவசம். அதற்கும் மேலே போய், டிசம்பர் நடுவில் விளையாட்டின் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சீசனில்! 2022 ஜனவரி 25-ம் தேதிதான் மறுபடி விற்கத் தொடங்கினார்கள்.

வரிசையில் நிற்க வைப்பது சரி என்று நான் சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது இதுதான். உள்ளே இடமில்லை என்று தெரிந்தும் வாசலில் டிக்கெட் விற்றுக்கொண்டே இருந்தால் அது வேறு விஷயம். வரிசை எவ்வளவு, ஏன், எப்போது குறையும் என்று சொல்லிவிட்டு, புது டிக்கெட்டை நிறுத்தினால் மட்டுமே நின்றவருக்கு மரியாதை.

நீங்கள் போவதாக இருந்தால்

அடுத்து எந்த விளையாட்டு திறந்தாலும் இதெல்லாம் உதவும்.

முதல் சில மணி நேரம் வரிசையில் நிற்கத் தயாராகப் போங்கள். வார நாளாக இருந்தால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தூங்கும் நேரம் நமக்கு எது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

வரிசை நீளமாக இருக்கிறதே என்று அன்றைக்குப் புதிதாகத் திறந்த சர்வருக்குத் தனியாக ஓடாதீர்கள். நண்பர்கள் ஒரு கூட்டமாகப் போனால் பரவாயில்லை. தனியாகப் போகிறவர்தான் சில மாசத்தில் காலி ஊரில் மாட்டிக்கொள்வார்.

அடுக்கு முறை உண்டா, சர்வர் மாறும் வசதி இலவசமா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். திறப்புக்கு முன்பே கூட்டத்தைக் குறைக்கும் திட்டத்தையும், கூட்டம் வடிந்தபின் செய்யப்போவதையும் சேர்த்துச் சொல்கிற கம்பெனி இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பிடப் போகும்போது லாக்-அவுட் செய்துவிட்டுப் போங்கள். வெளியே 5,000-வது ஆளாக ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார்.